கேட்காமல் இருந்தால் போனஸாம்!

மழை பெய்து ஏரி நிறைந்தால் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகின்றன. பறவைகளைப் பார்க்கக் கார்கள் வருகின்றன. விடுமுறை நாளில் படாளம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். சென்னைக் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு திரும்புகின்றன. அதே ரோட்டின் ஓரத்தில் நடவுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்த தொழிலாளி மொபெட்டில் வீடு திரும்புகிறார். மினி லாரியின் பின்புறத்தில் கூலியாட்கள் நின்றபடியே போகிறார்கள்.

ரோடு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இவர்கள் ஒன்றல்ல.

ஜாக்கிரதையாக ஓட்டுங்கள், பிரிமியம் குறையும் என்று கம்பெனிகள் உபதேசம் செய்கின்றன. ஜாக்கிரதை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். ஆகவேதான் இந்த உபதேசம் சுலபமாக விலைபோகிறது. அதற்குள் இருக்கும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் யாருக்குப் பிரிமியம் குறைகிறது, யாருடைய உயிர் குறைகிறது என்பது தெரியும்.

வண்டிக்கு இரண்டு இன்ஷ்யூரன்ஸ்

வண்டி வைத்திருப்பவன் வாங்கும் இன்ஷ்யூரன்ஸில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, அவன் வண்டியால் மற்றவருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் நஷ்ட ஈடு தருவது. இதற்கு 'தேர்டு பார்ட்டி' என்று பெயர். இது கட்டாயம். வெள்ளைக்காரன் காலத்து 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946 ஜூலையில் அமுலுக்கு வந்தது. 1988ஆம் வருஷத்துச் சட்டத்திலும் தொடர்கிறது. இரண்டாவது பாகம், சொந்த வண்டி நசுங்கினால் சரிசெய்யப் பணம் தருவது. இது இஷ்டப்பட்டவர்கள் வாங்குவது.

சலுகை எந்தப் பாகத்தில் இருக்கிறது? இரண்டாவதில் மட்டும்! ஒரு வருஷம் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால் சொந்த வண்டிக்கான பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷம் கேட்காமல் இருந்தால் 50 சதவீதம். இதற்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்று பெயர்.

மொபெட் வைத்திருக்கும் தொழிலாளி எதை வாங்குகிறார்? சட்டம் கட்டாயப்படுத்துகிற தேர்டு பார்ட்டியை மட்டும். அதற்கே மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிறார். 2022 ஜூனில் சர்க்கார் அமுல்படுத்திய கட்டணத்தின்படி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு வருஷத்துக்கு 714 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 842 ரூபாய் சொச்சம். ரோடும் ஜி.எஸ்.டி., வரியும் ஜி.எஸ்.டி.! பத்து வருஷம் ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் ஓட்டினாலும் 714தான். வாரம் ஒருவரை இடித்துத் தள்ளுகிறவனுக்கும் 714தான். இதில் போனஸ் கிடையாது.

சலுகை தரச் சட்டத்தில் வழியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதே 2022ஆம் வருஷத்து அறிவிப்பில், அழகுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பழங்காலக் கார்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி உண்டு! மாளிகைக் கொட்டகையில் தூங்குகிற காருக்குத் தள்ளுபடி. மில் வாசலுக்கும் வயலுக்கும் ஓடுகிற மொபெட்டுக்கு முழுப் பிரிமியம். இதுதான் நியாயமா?

கேட்டு வாங்கியதும் கேட்காமல் வாங்குவதும்

மில் தொழிலாளிக்கு போனஸ் என்றால் என்னவென்று தெரியும். கேட்டு வாங்கியது அது. வாயில் கூட்டம் போட்டு, வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து வாங்கியது. 1965இல் போனஸ் சட்டம் வந்ததே அப்படிக் கேட்டவர்களால்தான்.

இந்தக் கம்பெனி போனஸ் நேர்மாறானது. கேட்காமல் இருப்பவனுக்குத்தான் கிடைக்கும். பெயரைக் கவனியுங்கள்: விபத்து செய்யாதவனுக்கு போனஸ் அல்ல, நஷ்ட ஈடு கேட்காதவனுக்கு போனஸ். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம்.

ஒருவன் ஒழுங்காக சிக்னலில் நிற்கிறான். பின்னால் வந்தவன் இடித்துவிட்டு ஓடிப்போகிறான். நின்றவன் தன் காரைச் சரிசெய்யக் கம்பெனியிடம் பணம் கேட்டால் அவன் போனஸ் போயிற்று. இடித்தவனோ தன் காரின் நசுங்கலைச் சொந்தக் காசில் தட்டி எடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால், அவன் போனஸ் பத்திரம். ஜாக்கிரதைக்காரன் இழக்கிறான், தடிமாடு வாங்குகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பான ஓட்டுதலுக்கு வெகுமதியாம்!

இன்னொன்று பாருங்கள். இந்த போனஸ் வண்டியை ஓட்டியவனுக்கு அல்ல, பாலிசிக்குச் சொந்தக்காரனுக்கு. சம்பள டிரைவர் ஐந்து வருஷம் கண் இமைக்காமல் ஓட்டினால் முதலாளியின் பிரிமியம் பாதியாகக் குறைகிறது. அவர் புதுக் கார் வாங்கினால் அந்த போனஸையும் கூடவே கொண்டுபோகலாம். டிரைவர் வேலையை விட்டுப் போகும்போது எதைக் கொண்டுபோகிறார்? ஒன்றுமில்லை. ஆனால் வண்டியில் ஒரு கீறல் விழட்டும், யாருடைய பேட்டாவில் பிடித்தம் விழுகிறது? லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் டிரைவருக்கு. எந்த மில்லில் பார்க்காத நியாயம் இது?

இரவு ஷிப்டுக்காரன் கெட்டவனா?

இப்போது புதிதாக ஒரு வித்தை வந்திருக்கிறது. வண்டியில் ஒரு கருவி, அல்லது செல்போனில் ஓர் ஏற்பாடு. எத்தனை கிலோமீட்டர் ஓடினாய், என்ன வேகம், எத்தனை தடவை சடக்கென்று பிரேக் போட்டாய் என்று அது எழுதிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பிரிமியம் போடுவார்கள். 2022 ஜூலையில் இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு அனுமதி கொடுத்தது. அதுவும் சொந்த வண்டிப் பாகத்துக்கு மட்டுமே.

அமெரிக்காவில் இது பல வருஷமாக நடக்கிறது. அங்கே பெரிய கம்பெனி ஒன்றின் கருவி இரண்டு விஷயங்களைக் கெட்ட குணமாக எண்ணுகிறது. ஒன்று திடீர் பிரேக், மற்றொன்று நடுநிசிக்குப் பிறகு வண்டி ஓட்டுவது. நம் ரோட்டுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். குறுக்கே மாடு வருகிறது, பள்ளிப் பிள்ளை ஓடுகிறது. சடக்கென்று பிரேக் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறவன் கருவியின் கணக்கில் குற்றவாளி! நடுநிசியில் வண்டி ஓட்டுபவர் யார்? குடித்துவிட்டுக் கும்மாளம் போடுகிறவனும் உண்டு. ஷிப்டு முடித்து வீடு திரும்புகிற தொழிலாளியும் உண்டு. கருவிக்கு மணி தெரியும், மனிதன் தெரியாது. இரவு ஷிப்டு போட்டது கம்பெனி, அதற்குத் தண்டம் கட்டுவது தொழிலாளியா?

பிரிமியத்தை ஓட்டும் பழக்கத்தைப் பார்த்துப் போடுவதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 1988இல் ஜனங்கள் ஓட்டுப்போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நீ குடியிருக்கும் பேட்டையைப் பார்த்து விலை வைக்காதே, உன் ஓட்டுநர் பதிவை முதலில் பார் என்று கம்பெனிகளைக் கட்டிப்போட்டார்கள். அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. கம்பெனி பிடித்தால் அது லாபத்தை அளக்கும். ஜனங்கள் பிடித்தால்தான் உயிரை அளக்கும்.

பண்டிதமேட்டுப் பெண்கள்

2024 நவம்பர் 27. மாமல்லபுரத்துக்கு அருகே பண்டிதமேட்டில் சாலையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஐந்து பேர் மீது வேகமாக வந்த கார் ஏறியது. ஐந்து பேரும் மாண்டார்கள்.

அவர்கள் கார் ஓட்டவில்லை. பாலிசி வாங்கவில்லை. எந்தச் சலுகையும் எதிர்பார்க்கவில்லை. மாட்டுக்குப் புல் தேடினார்கள், அவ்வளவுதான். பாதுகாப்பாக ஓட்டுவது என்றால் பிரிமியத்தில் சில ஆயிரம் மிச்சம் என்று கற்றுக்கொடுக்கும் உபதேசத்தில் இந்தப் பெண்களுக்கு எங்கே இடம்?

இது ஓர் ஊரின் துயரம் மட்டுமல்ல. 2022இல் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்காரே கணக்குக் கொடுத்தது. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். இறந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் நம்மைப் போன்றவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் நின்றது தமிழ்நாடு: 64,105 விபத்துகள். சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் வந்தவை. வேகமாகப் போக யாரிடம் பெரிய எஞ்சின் இருக்கிறது? நடவுக்குப் போகிற பெண்ணிடமா?

இறந்த பிறகும் கணக்கு சமமில்லை. கார் விளக்கு உடைந்தால் கடைப் பில்லைப் பார்த்துப் பணம். மனிதன் இறந்தால் அவன் வருமானத்தைப் பார்த்துப் பணம். 2009இல் சுப்ரீம் கோர்ட் ஒரு பட்டியல் போட்டது. வருஷ வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கவேண்டும். வாலிப வயதுக்கு 18. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வெறும் 5. சம்பளச் சீட்டு இல்லாத கூலிக்காரப் பெண்ணுக்கு வருமானம் இவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாக ஒரு தொகை வைக்கிறார்கள். வாழும்போது குறைந்த கூலி வாங்கியவளுக்குச் செத்தபிறகும் குறைந்த கூலி!

லாரியில் ஏற்றினால் சரக்குதான்

விவசாயத் தொழிலாளர்கள் கவனமாகக் கேட்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அறுவடைக்கும் நடவுக்கும் நம்மை எதில் ஏற்றுகிறார்கள்? டிராக்டர் டிரெய்லரில், மினி லாரியில். அது கவிழ்ந்தால்?

சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சரக்குக்குச் சொந்தக்காரனோ அவன் பிரதிநிதியோ கூடப் போனால் சட்டம் காப்பாற்றும். வண்டி முதலாளியின் வேலையாள் என்று நிரூபித்தாலும் வழியுண்டு. சும்மா ஏற்றிக்கொண்டு போன கூலியாளுக்கு? அவன் சரக்கும் அல்ல, சரக்குக்காரனும் அல்ல. 2007இல் டிராக்டர் டிரெய்லரில் காயம்பட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஆனாலும் அவர் ஏழை என்று பார்த்து, முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் வசூல் செய்துகொள் என்று தன் விசேஷ அதிகாரத்தால் உத்தரவிட்டது. உரிமையாகக் கிடைக்கவில்லை. தயவாகக் கிடைத்தது!

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வருகிற மனைவியின் கதையும் இதுதான். வெறும் கட்டாயப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு அந்த வண்டியின் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006இல் தீர்ப்பாகியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தது. புதிய வண்டிகளுக்கு டிரைவர், பயணி, சொந்தக்காரர் எல்லாரையும் சேர்த்து ஐந்து வருஷம் முழு இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் என்றது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று கம்பெனிகளின் கவுன்சில் ஓடிவந்தது. அடுத்த மாதமே உத்தரவு வாபஸ்.

205 பேர் கேட்டார்கள்

இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சட்டம் ஒரு தொகை வைத்திருக்கிறது. முன்பு சாவுக்கு 25,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 2 லட்சமாயிற்று, பலத்த காயத்துக்கு 50,000. மனுவை விசாரிப்பவர் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார். வக்கீல் தேவையில்லை.

2022இல் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. நஷ்ட ஈடு கேட்டு 2022-23ஆம் வருஷத்தில் வந்த மனுக்கள் எத்தனை தெரியுமா? 205! பணம் கிடைத்தது 95க்கு. நாம் கட்டிய கதையல்ல இது. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே இந்தக் கணக்கைப் பார்த்து, போலீஸார் இந்த உரிமையை ஜனங்களுக்குச் சொல்லவேண்டும் என்று உத்தரவிட்டது.

பார்த்தீர்களா? கார்க்காரன் கேட்காமல் இருக்க போனஸ் கொடுக்கிறார்கள். ஏழை கேட்காமல் இருக்க ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. உரிமையை அவன் காதில் போடாமல் இருந்தாலே போதும். மொத்த வியாபாரமும் 'கேட்காதே' என்கிற ஒரே வார்த்தையின் மேல்தான் நிற்கிறது.

போனஸ் இல்லாவிட்டால் யார் ஜாக்கிரதையாக ஓட்டுவார்கள் என்று சிலர் கேட்கலாம். பெரிய விலை கொடுத்துக் கார் வாங்கியவன் சில ஆயிரம் தள்ளுபடிக்காகவா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பான்? மொபெட்டில் போகிற தொழிலாளிக்கோ தள்ளுபடியே வேண்டாம். விழுந்தால் உடைவது அவன் எலும்பு. அந்தப் பயம் எந்த போனஸையும்விடப் பெரியது. டிரைவர் தூங்கிப்போவது சோம்பேறித்தனத்தாலா? மோட்டார் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று 1961இலேயே சட்டம் எழுதினார்கள். பதினாறு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு, ஜாக்கிரதையாக ஓட்டு என்றால் என்ன அர்த்தம்?

வேறு வழி உண்டா? உண்டு. நியூஜிலாந்தில் 1974 ஏப்ரல் முதல் சர்க்கார் நிதி ஒன்று நடக்கிறது. நடந்து போனவர், ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர் என்ற பேதமில்லை. குற்றம் யாருடையது என்று கோர்ட்டில் இழுபறி இல்லை. அடிபட்டவருக்கு உதவி. பெட்ரோலிலும் வண்டி லைசென்ஸிலும் தீர்வை வாங்கி வண்டி விபத்துக்கான பணத்தைத் திரட்டுகிறார்கள். நம் நாட்டிலும் 1973இல் 107 தனியார் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்து நான்காக்கியது. அவற்றில் ஒன்று சென்னையில் தலைமையகம் கொண்ட யுனைடெட் இந்தியா. அந்த வழியில் மேலே போவதற்குப் பதில், 2000இல் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். 2021இல் அரசுக் கம்பெனிகளிலேயே சர்க்காரின் பங்கை 51 சதவீதத்துக்குக் கீழே இறக்க அனுமதித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜனங்களின் விபத்து இன்னொருவனின் வியாபாரமாகிவிட்டது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

கம்பெனியைத் திட்டிவிட்டு நம் காரியத்தைக் கோட்டை விடக்கூடாது. பாலிசி தீர்ந்த மொபெட்டை ஓட்டாதீர்கள். அதனால் அடிபடுகிறவனும் பெரும்பாலும் நம்மைப்போல் ஒரு கூலிக்காரன்தான். அவன் குடும்பத்துக்குக் கோர்ட் விதிக்கும் தொகை உங்கள் வீட்டை விற்றாலும் தீராது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடமே வசூல் செய்யக் கேட்கும். குடித்துவிட்டு ஓட்டுவது கூட வருகிற தோழனின் பெண்டு பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

விபத்து நடந்தால் தாமதிக்காதீர்கள். போலீஸில் எழுதிக் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். மோட்டார் விபத்து டிரிப்யூனலில் ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்ற வரம்பை 2022 ஏப்ரல் முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளவேண்டாம் என 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்காலமாகச் சொல்லிற்று. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. வருமானத்துக்குச் சாட்சியாக எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்: கூலிச் சீட்டு, பாங்கிப் புத்தகம், பால் சொசைட்டிச் சிட்டை.

நாம் கேட்பவை

1. கட்டாயப் பாலிசியிலேயே பின்னால் உட்கார்ந்தவருக்கும், வேலைக்கு ஏற்றிச் செல்லப்படும் கூலியாட்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

2. இரு சக்கர வண்டியின் தேர்டு பார்ட்டி பிரிமியத்தின் மீது வரி கூடாது. பழங்காலக் காருக்குத் தரும் தள்ளுபடியை உழைக்கிறவனின் மொபெட்டுக்குக் கொடு.

3. சம்பள டிரைவரின் ஜாக்கிரதையால் மிச்சமாகும் பிரிமியத்தில் அவருக்குப் பங்கு வேண்டும். விபத்தைச் சாக்கிட்டுக் கூலியில் பிடித்தம் கூடாது. எட்டு மணி நேர வேலை கண்டிப்பாக அமுலாக வேண்டும்.

4. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் நஷ்ட ஈட்டு மனுவைத் தமிழில் வைத்து, எழுதவும் உதவி செய்ய வேண்டும்.

5. ஜி.எஸ்.டி. ரோட்டிலும் மாமல்லபுரம் ரோடுகளிலும் கிராமம் இருக்கும் இடமெல்லாம் நடைபாதை, விளக்கு, கடக்கும் வழி வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்துக்குப் பஸ் வேண்டும்.

முடியுமா என்று மலைக்காதீர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் ஜனங்கள் பேசாமல் இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவைக்காகக் கேட்டு வாங்கிய மண்ணில் மனிதனுக்காகக் கேட்க முடியாதா?

கேட்காதவனுக்குத்தான் போனஸ் என்பது கம்பெனியின் சட்டம். கேட்டவனுக்குத்தான் கிடைத்தது என்பது தொழிலாளியின் அனுபவம். தோழர்களே, கேளுங்கள்! ஒவ்வொருவராகக் கேட்டால் மனு மேஜைக்கடியில் போகும். ஊரே சேர்ந்து கேளுங்கள்!